மருத்துவம் தெரியும், நிர்வாகம்? மதுரை மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இத்தனை ஆண்டுப் படிப்பில் ஒரு ஓபியை (வெளிநோயாளிப் பிரிவை) எப்படி நடத்துவது, மாதக் கடைசியில் சம்பளப் பணத்தை எங்கிருந்து புரட்டுவது, ஐசியூ வாசலில் கொதித்துப்போய் நிற்கும் தாய்மாமனிடம் என்ன பேசுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்புறம் திடீரென்று ஒருநாள், "இனிமே வார்டு இன்சார்ஜ் நீங்கதான்" என்று சொல்லிவிடுவார்கள். அல்லது கே.கே. நகரிலோ திருமங்கலத்திலோ வாடகைக்கு இடம் பிடித்து நீங்களே போர்டு மாட்டிவிடுவீர்கள். அன்றிலிருந்து பாதி வேலை வைத்தியம், மீதி வேலை நிர்வாகம்.

தலைமைப் பண்பு என்று விற்கப்படும் வகுப்புகள் பலவும் மேடையில் எப்படிப் பேசுவது, எப்படி உடுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. மருத்துவமனையில் எனக்குத் தெரிந்த நல்ல தலைவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது: யாருடைய நேரம் எங்கே வீணாகிறது என்று அவர்கள் கண் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். நோயாளியின் நேரம், சிஸ்டரின் நேரம், சர்ஜனின் நேரம். அந்த ஓட்டைகளை அடைத்தால் வரவுசெலவும் பெரும்பாலும் தானாகச் சீராகிறது. கீழே வரும் படிகளும் அந்த வழியில்தான் போகின்றன. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட் யாராக இருந்தாலும் உங்கள் அளவுக்குச் சுருக்கிப் பயன்படுத்தலாம்.

படி 1: ஒரு நாள் முழுக்க நேரத்தைக் குறியுங்கள்

சாதாரணமான ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய முகூர்த்த நாள் வேண்டாம், சித்திரைத் திருவிழா வாரம் வேண்டவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அன்று வரும் நோயாளிகளில் 30 பேரின் ஓபி சீட்டுக்குப் பின்னால் ஐந்து நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: டோக்கன் வாங்கியது, எடையும் பிபியும் பார்த்தது, டாக்டர் அறைக்குள் போனது, வெளியே வந்தது, மருந்தோடு கிளம்பியது. சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை, பேனா போதும்.

மாலையில் சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தால் கதை தெரியும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் ஒரு தாத்தா வந்திருப்பார். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதால் டீகூடக் குடித்திருக்க மாட்டார். 7:20க்கு டோக்கன், ஆனால் லேப் திறப்பதே 9 மணிக்கு. ரத்தம் எடுக்கும்போது 9:40. ரிப்போர்ட் வந்து டாக்டரைப் பார்க்கும்போது மணி பன்னிரண்டு. அவர் கூட வந்த மகனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. இதற்கு வேண்டியது புதிய மெஷின் அல்ல. டெக்னீஷியன் ஒருவரின் ஷிப்டை 7 மணிக்கு நகர்த்தி, மாலையில் இரண்டு மணி நேரம் முன்பாக வீட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது. லேப் வருமானமும் கூடும், ஏனென்றால் காத்திருக்க முடியாமல் வெளி லேபுக்குப் போகிறவர்கள் இங்கேயே நிற்பார்கள்.

டாக்டர் அறைக்குள் நடப்பதையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 நிமிடம் மஞ்சப்பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பதிலும், பிபி பார்ப்பதிலும், ஸ்கேன் அறைக்கு வழி சொல்வதிலும் போகிறது என்றால், 50 நோயாளிக்கு 150 நிமிடம். இரண்டரை மணி நேரம். அந்த மூன்று வேலையையும் வெளியே இருக்கும் சிஸ்டரோ வரவேற்பில் இருக்கும் தங்கச்சியோ செய்ய முடியும்.

படி 2: யார் செய்யலாம் என்று பிரியுங்கள் (பாடம் அண்ணா நகரிலேயே இருக்கிறது)

இதைப் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது வயது 58. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். 1976இல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்கும் நோயாளியிடமிருந்து வருவதை வைத்தே பணம் இல்லாதவருக்கும் இலவசமாக ஆபரேஷன் செய்வது என்பது ஆரம்பத்திலிருந்தே திட்டம். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் இதைப் பாடமாக எழுதியது. 2010இல் அமெரிக்காவின் ஹில்டன் மனிதநேய விருதும் வந்தது.

விருதை விட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டரைக் கவனியுங்கள். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராகிப் படுத்திருப்பார். முதல் கண் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் இரண்டாவது தொடங்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது, கண்ணில் அழுத்தம் பார்ப்பது, தியேட்டரில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சர்ஜன் மட்டுமே செய்யக்கூடியதைச் சர்ஜன் செய்கிறார், அவ்வளவுதான்.

லென்ஸ் விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டு உள்விழி லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992இல் அரோலேப் என்ற நிறுவனத்தை மதுரையில் அமைத்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் பக்கம் இறங்கியது. எந்தச் செலவு தொண்டையை நெரிக்கிறதோ அதை நேராகப் பார்த்ததன் பலன் அது.

உங்கள் இடத்தில் அரோலேப் கட்ட வேண்டாம். ஒரு தாளில் உங்கள் ஒரு நாள் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "நான் மட்டும்", "பயிற்சி கொடுத்தால் இன்னொருவர்", "யாருமே தேவையில்லை" என்று குறியுங்கள். மூன்றாவது பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். ஒரே விவரத்தை மூன்று நோட்டில் எழுதும் வழக்கம் ஏறக்குறைய எல்லா வார்டிலும் உண்டு. ஒப்படைப்பதில் ஒரு எச்சரிக்கை: சட்டப்படி டாக்டர் செய்ய வேண்டியதை ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். ஒப்படைத்த வேலைக்கு எழுத்தில் செய்முறை இருக்க வேண்டும், முதல் ஒரு மாதம் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

படி 3: உங்கள் கணக்கை நீங்களே படியுங்கள்

ஆடிட்டர் வருமான வரிக்குக் கணக்கு போடுவார். அது முடிந்துபோன ஆண்டின் கணக்கு. அடுத்த மாதம் தாக்குப்பிடிப்போமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன கிளினிக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாடகை 25,000, மூன்று பேர் சம்பளம் 60,000, கரண்ட் 8,000, ஈஎம்ஐ 40,000, இதர செலவு 12,000. ஒரு நோயாளிகூட வராவிட்டாலும் மாதம் 1,45,000 ரூபாய் போயே தீரும். கன்சல்டேஷன் பீஸ் 300, ஒரு நோயாளிக்குப் பஞ்சு, கையுறை, சீட்டு என்று 20 ரூபாய் செலவு. கையில் நிற்பது 280. 1,45,000ஐ 280ஆல் வகுத்தால் 518. மாதம் 25 நாள் என்றால் தினம் 21 பேர் வந்தால்தான் கைநட்டம் இல்லை.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு "பரவாயில்லை, ஓடுது" என்கிறார்கள். உங்கள் சம்பளம் எங்கே? இன்னொரு மருத்துவமனையில் டூட்டி பார்த்தால் உங்களுக்கு மாதம் ஒரு லட்சம் கிடைக்கும் என்றால், அதையும் செலவில் சேருங்கள். இப்போது 2,45,000. மாதம் 875 பேர், தினம் 35 பேர். இந்த எண் தெரிந்தபிறகு ஸ்கேன் மெஷின் விற்க வருகிறவரிடம் பேசும் தொனியே மாறிவிடும். மாதம் 50,000 ஈஎம்ஐ கூடினால் இன்னும் எத்தனை பேர் வர வேண்டும் என்று அவர் முன்னாலேயே கணக்கு போடலாம். அல்ட்ராசவுண்டு வாங்குவதாக இருந்தால் 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடுப்புச் சட்டப்படி முதலில் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் விவரத்தை எழுதி வைக்கும் படிவம் எஃப். அந்தப் படிவத்தை நிரப்பும் ஆளின் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு இடம், இன்சூரன்ஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தனியார் கம்பெனி பாலிசிகள் வேறு. புத்தகத்தில் வருமானம் என்று எழுதப்பட்டாலும் பணம் வங்கிக்கு வர நாளாகும். அதற்குள் சம்பளத் தேதி வந்துவிடும். லாபத்தில் இருக்கும் மருத்துவமனைகூடக் கைக்காசு இல்லாமல் தவிப்பது இதனால்தான். வர வேண்டிய தொகையை 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 60 நாளைத் தாண்டியது என்று மூன்று பத்தியாகப் பிரித்து வாரம் ஒருமுறை பாருங்கள். கிளெய்ம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து இல்லை, முன் அனுமதியில் ஒரு நோய்ப் பெயர், சம்மரியில் இன்னொரு பெயர், எக்ஸ்ரே இணைக்கவில்லை. இதற்கு ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 4: மருந்து ஸ்டாக்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விலையை வைத்து ஒரு வகைப்பாடு, உயிருக்கு எவ்வளவு அவசியம் என்பதை வைத்து இன்னொரு வகைப்பாடு. விலை கூடியவற்றை வாரா வாரம் எண்ணுங்கள். அட்ரினலின் மாதிரி விலை குறைந்து உயிர் காப்பவை ஒருநாளும் தீரக்கூடாது. காலாவதி முன்னால் வருவது முன்னால் வெளியே போக வேண்டும். நல்ல மாதிரி வேண்டுமென்றால் 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மொத்தமாகக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் பாஸ்புக், அதில் இருக்கும் தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்வது. பல மாநிலங்கள் வந்து பார்த்துக்கொண்டு போன முறை அது. மருந்து கம்பெனி ரெப் கொடுக்கும் 'பத்து வாங்கினால் இரண்டு இலவசம்' அட்டைக்கு மயங்குவதற்கு முன் கடந்த மூன்று மாதத்தில் அந்த மாத்திரை எத்தனை போயிற்று என்று பாருங்கள்.

படி 5: உங்கள் வார்டில் யார் வாய் திறக்கிறார்கள்?

எனக்கு இதுதான் முக்கியமான படி. நம் மருத்துவமனைகளில் மரியாதை அதிகம், அதோடு பயமும் அதிகம். சீப் டாக்டர் நடந்து வந்தால் வராந்தாவே ஒதுங்கும். நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நைட் டூட்டி சிஸ்டர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பினால் திட்டு விழும் என்று அவர் அரை மணி தயங்கினால், அந்த அரை மணியை எந்த மருந்தாலும் திருப்பி வாங்க முடியாது.

பேசும் வடிவத்தைப் பழக்கிவிட்டால் தயக்கம் பாதி குறையும். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும். இந்த நாலும் அதே வரிசையில். "சார், பாட்டி ஒரு மாதிரியா இருக்காங்க" என்று போன் வந்தால் அந்தப் பக்கம் "காலைல பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், மாடி வார்டுல இருந்து ஸ்டாப் நர்ஸ் பேசுறேன். 14ஆம் பெட் பாட்டிக்கு பிபி 90/60, பல்ஸ் 120. நேத்து சாயங்காலம் குடலிறக்க ஆபரேஷன் ஆனவங்க, ராத்திரி பத்து மணியில இருந்து யூரின் இறங்கலை. உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க உடனே வந்து பார்க்கணும் சார். வர்றதுக்குள்ள கிராஸ்மேட்ச்சுக்கு ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?"

இதைக் கேட்டுப் போர்வையை இழுத்து மூடும் டாக்டர் யாரும் இல்லை. இந்த வடிவத்தை அச்சடித்துப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள், டூட்டி மாறும்போதும் இதே வரிசையில் பேசச் சொல்லுங்கள். தப்பாக எழுப்பிவிட்டாலும் "எழுப்பினது நல்லதுதான் சிஸ்டர்" என்று தலைவர் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் ஒருமுறை வார்டு முழுக்கப் பரவினால் போதும். அடுத்தமுறை யாரும் தயங்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009இல் முடிவு வெளியானது: பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கும், இறப்பு 1.5லிருந்து 0.8க்கும் குறைந்தன. ஒருமுறை தன் பெயரைச் சொன்ன டெக்னீஷியன், இடது பக்கமா வலது பக்கமா என்று சந்தேகம் வந்தால் வாய் திறப்பார். நம்மிடம் இந்தப் பட்டியல் பல தியேட்டர்களில் உண்டு. ஆபரேஷன் முடிந்தபின் மொத்தமாக டிக் அடித்து பைலில் வைக்கும் பழக்கமும் உண்டு. அந்த டிக்குக்கு ஒரு பைசா மதிப்பில்லை.

ஊழியர்களைத் திட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளி முன்னால் திட்டாதீர்கள். பாராட்டை நாலு பேர் முன்னால், குறையைக் கதவைச் சாத்திக்கொண்டு. வேலையை விட்டுப் போகும் சிஸ்டர்களிடம் காரணம் கேட்டால் "சம்பளம்" என்பார்கள். அரை மணி பேச்சுக் கொடுத்தால் பாதிப் பேர் டூட்டி பட்டியல் கடைசி நேரத்தில் மாறுவதைத்தான் சொல்வார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவருக்கு அடுத்த வார ஷிப்ட் இந்த வாரமே தெரிய வேண்டும். பட்டியலை இரண்டு வாரம் முன்பாக ஒட்டுங்கள். செலவே இல்லாத சம்பள உயர்வு அது.

படி 6: கூட வந்தவர்களில் முடிவெடுப்பவர் யார்?

மேலூரிலிருந்தோ பேரையூரிலிருந்தோ ஒரு நோயாளி வந்தால் கூட ஐந்து பேர் வருவார்கள். டாக்டர் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருப்பார். முடிவெடுப்பதோ வெளியே போனில் பேசிக்கொண்டிருக்கும் தாய்மாமனோ துபாயில் இருக்கும் அண்ணனோ. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, உங்க வீட்ல யார்கிட்ட பேசினா எல்லாருக்கும் தகவல் போகும்?" அவரிடம் தினம் ஒரே நேரத்தில் பேசுங்கள், நல்ல செய்தி இல்லாத நாளிலும். ஐசியூவில் இதற்கென்று மாலை 5 மணி என்று வைத்துவிட்டால் வாசல் கூச்சல் பெருமளவு அடங்கும்.

செலவையும் முன்கூட்டியே சொல்லுங்கள். "சுமார் எண்பதாயிரம் ஆகும், ஐசியூ போனால் ஒரு நாளைக்கு இவ்வளவு கூடும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொகை தாண்டப்போகிறது என்றால் தாண்டும் முன்பே சொல்லுங்கள். பில் கவுன்டரில் முதல்முறையாகக் கேள்விப்படும் தொகைதான் சண்டையைக் கிளப்புகிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008இலிருந்து இருக்கிறது, அதன் அறிவிப்புப் பலகையையும் மாட்டுங்கள். ஆனால் பலகை கடைசித் தடுப்புதான்.

படி 7: மீறவே கூடாத சில விதிகள்

1995இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து ஒரு கேஸ் ஷீட்டின் கையெழுத்து உங்களைக் காப்பாற்றலாம், கவிழ்க்கவும் செய்யலாம். மருத்துவர் நடத்தை விதிகள் 2002இன்படி உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே விதிகள் நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. "எல்லாரும் கொடுக்குறாங்க டாக்டர்" என்று யாராவது வந்து உட்கார்ந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கமிஷனில் வளரும் ஓபி, கூடுதல் கமிஷன் கொடுக்கும் இடத்துக்கு ஒரே மாதத்தில் நகர்ந்துவிடும். அது உங்கள் ஓபியே இல்லை.

மருத்துவக் கழிவுக்கு 2016ஆம் ஆண்டு விதிகள்: ரத்தக்கறைப் பஞ்சும் கட்டும் மஞ்சள், ட்யூப், கையுறை சிவப்பு, ஊசி வெள்ளை டப்பா, கண்ணாடிக் குப்பி நீலம். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கிளினிக்கையே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன் கீழ் பதிவு செய்ய வேண்டும். லைசென்ஸ்கள் முடியும் தேதியை ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

படி 8: படிப்பு, பயிற்சி

எம்பிஏ செய்யலாமா என்று இளம் டாக்டர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் போய்ச் செய்யாதீர்கள் என்பது என் எண்ணம். முதல் ஐந்து படிகளை ஒரு வருடம் செய்துவிட்டுப் போனால் வகுப்பில் கேட்கக் கேள்விகள் இருக்கும், சும்மா போனால் பவர்பாயின்ட்தான் மிஞ்சும். வேலையில் இருந்தபடியே படிக்க இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மருத்துவமனை மற்றும் சுகாதார மேலாண்மை முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. மதுரையில் மண்டல மையமும் உண்டு. சேர்க்கை விவரத்தை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கண் மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு, அரவிந்தின் பயிற்சி நிறுவனமான லைக்கோ குருவிக்காரன் சாலையிலேயே இருக்கிறது. பல நாடுகளிலிருந்து வந்து அங்கே கண் மருத்துவமனை நிர்வாகம் படித்துப் போகிறார்கள், நாம் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நூறு படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில் இருப்பவர்கள் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துக் கொடுக்கும் என்ஏபிஎச் அங்கீகாரத்துக்கான தயாரிப்புக் குழுவில் தாமாகப் போய்ச் சேருங்கள். மருந்தகம் முதல் சலவை வரை ஒரு மருத்துவமனையின் எல்லா மூலையையும் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

எந்த வகுப்பில் சேருவதற்கு முன்னாலும் முன்பு படித்தவர்கள் இருவரிடம் பேசி, "படித்தபிறகு உங்கள் இடத்தில் எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். சான்றிதழைத் தவிர வேறு பதில் வரவில்லை என்றால் அந்தப் பணத்தில் லேபுக்கு ஒரு நல்ல ப்ரிட்ஜ் வாங்கலாம்.